நவுனா, வெர்பா? வாக்கியத்தைச் சொல்லுங்கள், சொல்கிறேன்

"ரவுண்ட்" என்பது எந்த வகைச் சொல் என்று ஒரு பிள்ளை கேட்டால், "எந்த வாக்கியத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். "எ ரவுண்ட் டேபிள்" என்றால் மேஜை எப்படிப்பட்டது என்று சொல்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். கபடிப் போட்டியில் "தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்" என்றால் ஒன்றின் பெயர், ஆகவே நவுன். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதிகளில் சுற்றி வருவதை "தி கார் கோஸ் ரவுண்ட் தி டெம்பிள்" என்று எழுதினால் அதே சொல் ப்ரெபொசிஷன். "தி பஸ் ரவுண்டட் தி கார்னர்" என்றால் வெர்ப். "ஹி டர்ன்ட் ரவுண்ட்" என்றால் அட்வெர்ப். ஒரே சொல் ஐந்து வேலை பார்க்கிறது.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் பாடத்தில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டியது முதலில் இதுதான். ஒரு சொல் நவுன் என்பதோ வெர்ப் என்பதோ அதன் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. அந்த வாக்கியத்தில் அது பார்க்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஒரே ஆள் வீட்டில் அப்பா, பஸ்ஸில் கண்டக்டர், ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பவர். அவர் யார் என்று கேட்டால், எங்கே நிற்கும்போது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் இந்தப் பாடம் தலைகீழாகத் தொடங்குகிறது. எட்டுப் பெயர்கள், எட்டு வரையறைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம். பிள்ளைகள் அவற்றை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "இதில் வெர்ப் எது?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். அது பிள்ளைகளின் குறை இல்லை. வரையறையை வைத்துக்கொண்டு சொல்லைக் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். "செயலைக் குறிப்பது வெர்ப்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, "தி ஃபைட் வாஸ் லாங்" என்பதில் "ஃபைட்" வெர்ப் இல்லை என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? சண்டை ஒரு செயல்தானே?

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிய விஷயமும் அல்ல. "பந்தை உதை" என்கிறோம், "நல்லா உதை வாங்கினான்" என்றும் சொல்கிறோம். முதல் உதை வினை, இரண்டாவது பெயர். தமிழ் ஐயா இதற்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று பெயர் சொல்லிப் பாடம் நடத்தியிருப்பார். ஆங்கில வகுப்பில் "கிக் தி பால்", "ஹி காட் எ கிக்" என்று வரும்போது, உனக்குத் தெரிந்ததுதான் இது என்று ஞாபகப்படுத்தினால் போதும். தமிழ்ப் பாடத்தையும் ஆங்கிலப் பாடத்தையும் இரண்டு தனிச் சுவர்களுக்குள் அடைத்து வைத்திருப்பதுதான் எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம். பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் தெரியும். அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று ஏன் சொல்ல வேண்டும்?

இப்படி இரண்டு இலக்கணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது திருநெல்வேலிச் சீமைக்கு மிகப் பழகிய வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியார்கள் மூவரைப் பாருங்கள். பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் தமிழுக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதினார். சாயர்புரத்தில் பணி செய்த ஜி.யு. போப் தமிழ் இலக்கணத்தை வினா விடையாகப் பாடநூலாக்கினார். 1841ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தங்கள் மொழியைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் நம் மொழிக்குள் வந்தார்கள். நம் பிள்ளைகள் அதே பாதையில் மறுபக்கத்திலிருந்து நடக்கலாம்.

எட்டு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கிரேக்க, லத்தீன் இலக்கணங்களிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வழக்கம். எல்லாரும் எட்டு என்று சொன்னதும் இல்லை. 1795ல் வெளிவந்து பல காலம் பள்ளிகளில் புழங்கிய லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் ஒன்பது என்றது. "எ", "அன்", "தி" என்ற ஆர்ட்டிகிளைத் தனியாக எண்ணியது. இப்போதைய இலக்கண நூல்கள் ஆர்ட்டிகிளை, நவுனுக்கு முன்னால் வரும் "மை", "திஸ்" போன்றவற்றோடு டிடெர்மினர் என்ற வகையில் சேர்க்கின்றன. தொல்காப்பியமோ சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரித்தது. ஆகவே "எட்டுதானா, ஒன்பதா?" என்று ஒரு பிள்ளை சண்டைக்கு வந்தால் பாராட்டுங்கள். தேர்வுக்கு எட்டு என்று எழுதச் சொல்லுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? நான் வெர்பில் தொடங்குவேன். பாடநூல்கள் நவுனில் தொடங்கும். ஆனால் வெர்பைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாக வந்து நிற்கும். வெர்பைக் கண்டுபிடிக்க வரையறை வேண்டாம், ஒரு சோதனை போதும். வாக்கியத்தை நேற்றைக்கு மாற்று. எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வெர்ப். "ஐ வாக் டு ஸ்கூல்" என்பதை நேற்றைக்கு மாற்றினால் "ஐ வாக்ட் டு ஸ்கூல்". "ஐ"யும் மாறவில்லை, "ஸ்கூல்" என்பதும் மாறவில்லை. "வாக்" மட்டும் மாறியது. "தி ஃபைட் இஸ் லாங்" என்பதை மாற்றினால் "தி ஃபைட் வாஸ் லாங்". மாறியது "இஸ்". சண்டை அப்படியே இருக்கிறது. "செயல்" என்ற வரையறை ஏமாற்றிய இடத்தில் இந்தச் சோதனை ஏமாற்றவில்லை.

வெட்டு என்று பொருள்படும் "கட்", வை என்று பொருள்படும் "புட்" மாதிரிச் சில சொற்கள் நேற்றைக்கும் மாறாது. அப்போது "ஐ" இருக்கும் இடத்தில் "ஹி" போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "ஹி கட்ஸ்" என்று ஒரு "ஸ்" வந்து ஒட்டும். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஒவ்வொருவருக்கும் வினை முடிவு மாறுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெரிய குடும்பத்தில் மிஞ்சியிருப்பது அநேகமாக இந்த ஒரு "ஸ்"தான். இதைச் சொல்லிக் கொடுத்தால் "ஹி கோ" என்று எழுதுவது குறையும்.

"இஸ்" வெர்ப்தான் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் அந்த இடம் காலியாக இருக்கிறது. "எங்க அப்பா டிரைவர்." இரண்டு பெயரைப் பக்கத்தில் வைத்தாலே தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. அதை அப்படியே கொண்டுபோய் "மை ஃபாதர் டிரைவர்" என்று பிள்ளை எழுதும்போது அது கவனக்குறைவில் எழுதவில்லை, தமிழ் விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. ஆங்கில வாக்கியத்துக்கு வெர்ப் இல்லாமல் முடியாது. வேறு வெர்ப் ஒன்றும் இல்லாவிட்டால் "இஸ்" வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று சொல்லிக் கொடுங்கள். "மை ஃபாதர் இஸ் எ டிரைவர்." அப்புறம் அந்த "எ" எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதற்கு வருகிறேன்.

வெர்பைப் பிடித்ததும் அதனிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: யார் அல்லது எது? யாரை அல்லது எதை? பதிலாக வருகிறவை பெரும்பாலும் நவுனோ ப்ரொநவுனோதான். இங்கே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதைக் கரும்பலகையில் காட்டாமல் மேலே போகக் கூடாது.

"நாய் ஆட்டைத் துரத்தியது" என்று எழுதுங்கள். கீழே "ஆட்டை நாய் துரத்தியது" என்று எழுதுங்கள். துரத்தியது யார்? இரண்டிலும் நாய்தான். சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறவில்லை, ஏனென்றால் ஆட்டின் பின்னால் "ஐ" என்ற உருபு ஒட்டிக்கொண்டு, மாட்டிக்கொண்டது இதுதான் என்று சொல்லிவிடுகிறது. இப்போது "தி டாக் சேஸ்ட் தி கோட்" என்று எழுதி, நாயையும் ஆட்டையும் இடம் மாற்றுங்கள். "தி கோட் சேஸ்ட் தி டாக்." ஆடு நாயைத் துரத்துகிறது! வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்போடு விஷயம் பதியும்: தமிழில் உருபு பார்க்கிற வேலையை ஆங்கிலத்தில் இடம் பார்க்கிறது. வெர்புக்கு முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் பட்டவர். ஆங்கிலத்தில் நவுன் எது என்று கேட்டால் இடத்தைப் பார் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதை உறுதிப்படுத்த, பொருளே இல்லாத சொற்களை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. முதலில் தமிழில். "நேத்து ஜங்ஷன்ல ஒரு டொம்புவைக் கிளுவினேன்" என்று கரும்பலகையில் எழுதி, "ஏல, இதுல பேரு எது, வினை எது?" என்று கேட்டுப் பாருங்கள். டொம்பு என்றால் என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து, "டொம்பு பேரு சார், 'வை' ஒட்டியிருக்கு. கிளுவினேன் வினை, 'ஏன்'ல முடியுது" என்பான். பொருள் தெரியாமலேயே வகை தெரிந்துவிட்டது. உடனே ஆங்கிலத்துக்குப் போங்கள்: "தி பிளிக் டாம்ட் தி கிரேஸ்." "பிளிக்" நவுன், ஏனென்றால் முன்னால் "தி" இருக்கிறது. "டாம்ட்" வெர்ப், ஏனென்றால் நடுவில் நின்று கடந்தகால ஒலியோடு முடிகிறது. ஒரு சொல்லின் பொருளைவிட, அது நிற்கும் இடமும் அதன் வாலும் வகையைச் சொல்கின்றன என்பது இந்த விளையாட்டில் கிடைப்பது போல வேறெதிலும் கிடைப்பதில்லை. பாடத்தில் தெரியாத ஆங்கிலச் சொல் வந்ததும் படிப்பதையே நிறுத்திவிடுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய தைரியம்.

ப்ரொநவுனில் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய கஷ்டம் இல்லை. நான், நீ, அவன், அவள், அது எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, தமிழில் "வந்தேன்" என்றால் போதும்; வினைக்குள்ளேயே "நான்" இருக்கிறது. ஆங்கிலத்தில் "கேம்" என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்றே தெரியாது, "ஐ" வேண்டும். இன்னொன்று மரியாதை. நம் பக்கத்தில் அப்பாவை "அவன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. "அவிய வந்தாவ" என்றுதான் சொல்லும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் அப்பாவுக்கு "ஹி" போடு என்றால் பேனா தயங்கும். "தே" போட்டுவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. பன்மையில் மரியாதை இருக்கிறது என்பது தமிழில் பழகியதுதானே. ஆங்கிலத்தில் "ஹி" என்பதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை என்று ஒரு முறை மனதாரச் சொல்லிவிடுங்கள். முதலமைச்சருக்கும் "ஹி" அல்லது "ஷி"தான், கடைசி வீட்டுக் குழந்தைக்கும் அதுதான்.

அட்ஜெக்டிவ் தமிழோடு கைகோத்து நடப்பது. "பெரிய மரம்", "பிக் ட்ரீ". "பெரிய மரங்கள்", "பிக் ட்ரீஸ்". பெயர் பன்மையானாலும் அடைமொழி மாறாது, இரண்டு மொழியிலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். "இஸ்" வந்தால் மட்டும் பின்னால் போய் நிற்கலாம்: "தி ட்ரீ இஸ் பிக்." அவ்வளவுதான், இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அட்வெர்பில்தான் வழுக்கும். தமிழில் "ஆக" சேர்க்கிறோம்: மெதுவாக, அழகாக. ஆங்கிலத்தில் "லி" சேர்க்கிறார்கள்: "ஸ்லோலி", "பியூட்டிஃபுல்லி". இந்த ஒற்றுமையைச் சொன்னதும் பிள்ளைகள் கண்ட இடத்தில் எல்லாம் "லி" போடுவார்கள். "ஃபாஸ்ட்" மாறாது: "எ ஃபாஸ்ட் டிரெய்ன்" என்றாலும் "தி டிரெய்ன் ரன்ஸ் ஃபாஸ்ட்" என்றாலும் அதே சொல்தான். "ஹார்ட்" என்பதில் இன்னும் ஜாக்கிரதை. "ஹி ஒர்க்ஸ் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைக்கிறார். "ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்" என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை என்று பொருள். அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை பாராட்ட நினைத்துப் பழித்துவிடக் கூடாது. "ஃப்ரெண்ட்லி" என்பது "லி"யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ். ஆகவே வாலை மட்டும் பார்க்காமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எப்படிப்பட்ட ஆள் என்றால் அட்ஜெக்டிவ், எப்படி, எப்போது, எங்கே செய்தார் என்றால் அட்வெர்ப்.

இப்போது அந்த "எ". ஆர்ட்டிகிள் தமிழில் கிடையாது என்று சொல்லித்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனால் ஆச்சி சொல்லும் கதையைக் கேளுங்கள்: "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ரெண்டு மக." ராஜா முதல் முறை வரும்போது "ஒரு ராஜா". அடுத்த முறை, கேட்பவருக்குத் தெரிந்த ஆளாகிவிட்டதால் "அந்த ராஜா". "எ கிங்", "தி கிங்" என்பதன் அடிப்படை இவ்வளவுதான். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். ஒரே வேறுபாடு, தமிழில் "ஒரு"வும் "அந்த"வும் விருப்பப்பட்டால் வரும். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளுக்கு முன்னால் ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். "எ", "தி", "மை", "திஸ்" என்று எதுவாகவும் இருக்கலாம், வெறுமையாக மட்டும் விடக் கூடாது. அதனால்தான் டிரைவருக்கு முன்னால் "எ".

"எ" எங்கே, "அன்" எங்கே என்பதற்கும் நம்மிடம் ஒரு விதி தயாராக இருக்கிறது. உயிரெழுத்துக்கு முன் "ஓர்", உயிர்மெய்க்கு முன் "ஒரு": ஓர் ஊர், ஒரு நாடு. அதேதான். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல். "எம்.எல்.ஏ." என்பதை எழுதும்போது முதல் எழுத்து மெய், சொல்லும்போது "எ" என்ற உயிரொலியில் தொடங்குகிறது, ஆகவே "அன் எம்.எல்.ஏ.". "யூனிஃபார்ம்" எழுத்தில் உயிர், ஒலியில் "யூ". ஆகவே "எ யூனிஃபார்ம்". வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற பிள்ளை தவறு செய்யாது.

ப்ரெபொசிஷனுக்குத்தான் நாம் அதிக நாள் ஒதுக்க வேண்டும். தமிழ்வழிப் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் கடைசிவரை தொந்தரவு கொடுப்பது இதுதான். தமிழில் உருபு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் சொல்லின் முன்னால் தனியாக நிற்கும். "தென்காசிக்கு" என்பது "டு தென்காசி". "பாளையங்கோட்டையிலிருந்து" என்பது "ஃப்ரம் பாளையங்கோட்டை". வாலை எடுத்துத் தலையில் வை என்று சொல்வேன். இதுவரை சுலபம்.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், ஒரு தமிழ் உருபுக்கு ஒரே ஆங்கிலச் சொல் இல்லை. "இல்" என்ற உருபையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தவளை: "இன் தி வெல்". மேஜையில் புத்தகம்: "ஆன் தி டேபிள்". வண்ணார்பேட்டை ஸ்டாப்பில் நின்றேன்: "அட் தி ஸ்டாப்". பஸ்ஸில் போனேன்: "பை பஸ்". நான்கு இடத்திலும் தமிழில் ஒரே "இல்". "இன் என்றால் இல்" என்று பொருள் எழுதிப் போட்டுவிட்டால் பிள்ளை "புக் இஸ் இன் தி டேபிள்" என்றுதான் எழுதும். அதனால் பொருள் எழுதிப் போடாமல் படம் வரையச் சொல்லுங்கள். ஒரு வட்டத்துக்கு உள்ளே புள்ளி வைத்தால் "இன்". ஒரு கோட்டின் மேல் புள்ளி உட்கார்ந்தால் "ஆன்". வெறும் புள்ளி, ஒரு இடம் அவ்வளவுதான் என்றால் "அட்". நேரத்துக்கும் இந்தப் படங்கள் ஓரளவு உதவும். ஆறு மணி என்பது ஒரு புள்ளி, "அட் சிக்ஸ்". வெள்ளிக்கிழமை ஒரு கோடு, "ஆன் ஃப்ரைடே". ஜூன் மாதம் ஒரு வட்டம், உள்ளே நிறைய நாள், "இன் ஜூன்". காலையில் என்பது "இன் தி மார்னிங்", ராத்திரியில் என்பது மட்டும் "அட் நைட்". இதற்குக் காரணம் தேட வேண்டாம், பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"கு" இன்னும் குறும்பு செய்யும். தென்காசிக்கு "டு", ஆறு மணிக்கு "அட்", அம்மாவுக்கு ஒரு சேலை "ஃபார்". "எனக்குத் தெரியும்" என்பதில் ஒன்றுமே வராது: "ஐ நோ". "எனக்குப் பசிக்கிறது" என்பதிலும் வராது: "ஐ ஆம் ஹங்க்ரி". தமிழில் தெரிவதும் பசிப்பதும் நமக்கு நேர்கின்றன. ஆங்கிலத்தில் நாமே அவற்றின் எழுவாய் ஆகிவிடுகிறோம். மாறாக, இரண்டு தமிழ் உருபுக்கு ஒரே ஆங்கிலச் சொல் வருவதும் உண்டு. மண்வெட்டியால் வெட்டினார், மாமாவோடு வந்தார், இரண்டுக்கும் "வித்". தமிழில் "பற்றி" வருகிறது என்பதற்காக ஆங்கிலத்தில் "அபௌட்" போடுவது படித்தவர்களிடமும் இருக்கிற பழக்கம். "வி டாக்ட் அபௌட் இட்" சரி. "வி டிஸ்கஸ்ட் அபௌட் இட்" தவறு. "டிஸ்கஸ்" என்பதற்குள்ளேயே "பற்றி" இருக்கிறது.

இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதைவிட ஒரு பஸ் பயணத்தை எழுதச் சொல்வது நல்லது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸை நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியும். "தி பஸ் கோஸ் ஃப்ரம் திருநெல்வேலி டு பாபநாசம். இட் பாஸஸ் த்ரூ சேரன்மகாதேவி. ஆஃப்டர் கல்லிடைக்குறிச்சி, இட் கோஸ் ஓவர் தி ரிவர். இட் ஸ்டாப்ஸ் அட் அம்பாசமுத்திரம். வி கெட் டவுன் நியர் தி டெம்பிள்." ஆறேழு ப்ரெபொசிஷன், ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு. தாமிரபரணியைத் தாண்டும்போது "ஓவர்" என்று மனதில் பதிந்தால் அது போகாது. உங்கள் ஊர் வழி வேறாக இருந்தால் களக்காட்டுக்கோ வள்ளியூருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை தினமும் போகும் வழியாக இருந்தால் இன்னும் நல்லது.

கன்ஜங்ஷனில் ஒரே ஒரு விஷயம்தான் பெரியது. தமிழில் "அப்பாவும் அம்மாவும்" என்று "உம்" இரண்டு பக்கமும் வரும். ஆங்கிலத்தில் "அண்ட்" நடுவில் ஒரு முறைதான். காரணம் சொல்லும் வாக்கியத்திலும் இதே கதை: "மழை பெய்ததால் அவன் வரவில்லை" என்பதை எழுதும்போது "பிகாஸ்" ஒரு முறை வந்தால் போதும், பின்னால் "ஸோ" வேண்டாம். "ஆல்தோ" வந்தால் "பட்" வேண்டாம். இரண்டு பாதியையும் இணைக்க ஒரு முடிச்சுக்கு மேல் போட்டால் ஆங்கிலத்தில் தவறு. இன்டர்ஜெக்‌ஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. "யம்மாடி", "அடடா", "ஐயோ" என்று நாள் முழுக்கச் சொல்கிற பிள்ளைக்கு "ஓ", "வாவ்", "அலாஸ்" எதற்கு என்று விளக்கம் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம். "எங்கள் தாத்தா நேற்று ஒரு பழைய பஸ்ஸில் பாபநாசத்திலிருந்து வந்தார்." முதலில் வினை: வந்தார், "கேம்". வந்தது யார்? தாத்தா, அவர் வெர்புக்கு முன்னால் போகிறார்: "மை கிராண்ட்ஃபாதர் கேம்". "எங்கள்" என்பதற்கு ஆங்கிலத்தில் "அவர்" (our) தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படி எழுதினாலும் சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் தாத்தாவுக்கு "மை" என்பது சாதாரண வழக்கம். எங்கிருந்து? வாலை எடுத்துத் தலையில் வைக்க, "ஃப்ரம் பாபநாசம்". எதில்? வெறும் பஸ் என்றால் "பை பஸ்" போதும். இங்கே பழைய பஸ், ஒரு குறிப்பிட்ட வண்டி, ஆகவே "இன் அன் ஓல்டு பஸ்". பஸ்ஸுக்கு "எ"தான், ஆனால் நடுவில் "ஓல்டு" வந்து உட்கார்ந்ததால் அதன் உயிரொலிக்காக "அன்" ஆகிவிட்டது. கடைசியில் எப்போது? "யெஸ்டர்டே". தமிழ் வாக்கியத்தில் கடைசியில் இருந்த வினை ஆங்கிலத்தில் முன்னுக்கு ஓடி வந்ததைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். நாம் சொல்லிவிட்டால் அது நம் பாடமாகவே இருந்துவிடும்.

பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிக் கொடுத்து, தரையில் வரிசையாக வைக்கச் சொன்னால் இது இன்னும் நன்றாக நடக்கும். நோட்டில் எழுதினால் அழிக்கப் பயப்படுகிற பிள்ளை, தாளை நகர்த்தப் பயப்படாது.

தேர்வில் கேட்கும் கேள்விக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். "கோடிட்ட சொல்லின் பார்ட் ஆஃப் ஸ்பீச் என்ன?" என்று கேட்பார்கள். பிள்ளைகள் கோடிட்ட சொல்லை மட்டும் முறைத்துப் பார்த்துவிட்டு, பாடநூல் பட்டியலில் அது எங்கே இருந்தது என்று யோசிப்பார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு பயிற்சி போதும். "வாட்டர்" என்ற ஒரே சொல்லைக் கோடிட்டு இரண்டு வாக்கியம் கொடுங்கள்: "தி வாட்டர் இஸ் கோல்ட்", "வி வாட்டர் தி பிளான்ட்ஸ்". முதலில் கோட்டை மறந்துவிட்டு முழு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லுங்கள். நேற்றைக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தில் "இஸ்" மாறும், வாட்டர் மாறாது. இரண்டாவதில் வாட்டரே மாறி "வாட்டர்ட்" ஆகும். அடுத்து "லைட்", "பிளே", "கிளீன்", "ஓபன்" என்று கொடுத்துக்கொண்டே போங்கள். பிறகு பிள்ளைகளையே ஒரு சொல்லுக்கு இரண்டு வாக்கியம் எழுதி வரச் சொல்லுங்கள்; "ரன்" என்ற சொல்லுக்குக் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் முதலில் கை தூக்குவார்கள்.